காரின் வேக முள் அசையாவிட்டால்...

ஊர் விட்டு ஊர் வந்த குடும்பத்திற்குப் பழைய கார் ஒன்று இருந்தால் அதுவே ஒரு தொழில். சந்தைக்கு மரக்கறி ஏற்றலாம், நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லலாம், வாடகைக்கும் ஓடலாம். இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை செய்யப்பட்ட மொறிஸ் மைனர் இத்தகைய கார்களுள் நமக்கு நன்கு பழக்கமானது. 1990களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது மண்ணெண்ணெயில் ஓடிக் கைகொடுத்த கார்களுள் இதுவும் ஒன்று.

இக்காரின் வேக மீற்றர் பழுதானால் சிலர் அதைக் கவனியாமல் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் யாரோ சொன்னதைக் கேட்டு முழு மீற்றரையும் மாற்றிவிடுகிறார்கள். இரண்டும் நட்டமே. மீற்றர் ஓடாவிட்டால் வாடகைக் கணக்குப் பிழைக்கும். எஞ்சின் ஒயில் மாற்றவேண்டிய தவணையும் தெரியாமற் போகும். ஆனால் பழுது பெரும்பாலும் மீற்றரில் இருப்பதில்லை. அதற்குச் செல்லும் கேபிளிலேயே இருக்கும். எனவே காசைக் கொடுக்குமுன் காசில்லாத சோதனைகளைச் செய்துபாருங்கள்.

மீற்றர் எப்படி வேலை செய்கிறது?

கியர் பெட்டியின் பின்பகுதியில் உள்ள ஒரு சிறு பற்சில்லு, கார் ஓடும்போது கேபிளின் உள்கம்பியைச் சுழற்றும். கம்பியின் மறுமுனை மீற்றருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைத் தொடாமல் அதைச் சூழ்ந்து ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கும். முள் இக்கிண்ணத்துடனேயே பொருத்தப்பட்டிருக்கும். காந்தம் சுழலும்போது கிண்ணமும் இழுபடும். மயிர்போன்ற சுருள்வில் அதைப் பின்னுக்கு இழுக்கும். இரண்டு இழுவையும் சமப்படும் இடத்தில் முள் நிற்கும். மைல் இலக்கங்களை மட்டும் பற்சில்லுகள் நேரடியாகத் திருப்புகின்றன.

அறிகுறியைக் கவனியுங்கள்

1. முள்ளும் அசையவில்லை, மைலும் ஏறவில்லை: கேபிள் அறுந்திருக்கலாம் அல்லது கழன்றிருக்கலாம். கியர் பெட்டியின் பற்சில்லு தேய்ந்திருப்பதும் உண்டு.
2. மைல் ஏறுகிறது, முள் அசையவில்லை: கேபிள் நல்லது. பழுது மீற்றருக்குள்.
3. முள் துள்ளுகிறது, கறகறவென்று சத்தம் வருகிறது: கேபிள் காய்ந்துவிட்டது அல்லது எங்கோ மடிந்துள்ளது.
4. முள் எப்போதும் அளவுக்கு மேலே ஏறி நிற்கிறது: கிறீஸ் அல்லது ஒயில் கேபிள் வழியே மீற்றருக்குள் ஏறியிருக்கலாம்.
5. எப்போதும் ஒரே அளவில் கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது: ரயரின் அளவு மாறியிருக்கலாம், அல்லது வேறு காரின் மீற்றரைப் பூட்டியிருக்கலாம். பல மீற்றர்களின் முகத்தில் 1280 போன்ற ஓர் எண் சிறிதாக இருக்கும். ஒரு மைலுக்கு உள்கம்பி எத்தனை முறை சுழலவேண்டும் என்பதே அது. மாற்று மீற்றர் வாங்கும்போது இந்த எண் பொருந்த வேண்டும்.

சோதிக்கும் முறை

முதலில் மீற்றரின் பின்னாலும் கியர் பெட்டியிலும் உள்ள கேபிள் நட்டுகள் கழன்றுள்ளனவா என்று பாருங்கள். சில வேளை வேலை இத்துடன் முடிந்துவிடும்.

அடுத்து, மீற்றரின் பின்னாலுள்ள நட்டைக் கையால் கழற்றிக் கேபிளை விடுவியுங்கள். முன் சில்லுகள் இரண்டிற்கும் கட்டை வையுங்கள். பின் சில்லு ஒன்றை ஜக்கால் உயர்த்தி, அச்சின் கீழே உறுதியான மரக்கட்டை கொடுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே போகவேண்டாம். கியரை நியூற்றலில் விட்டு, கைபிரேக்கை இளக்கி, உயர்ந்த சில்லைக் கையால் சுற்றுங்கள். எஞ்சினை இயக்கக்கூடாது. மற்றொருவர் கேபிளின் மேல்முனையைப் பார்க்கட்டும்.

உள்கம்பி சுழன்றால் கேபிள் அறவில்லை. அப்போது ஒரு துண்டு உள்கம்பியை மீற்றரின் துளையில் செருகி விரல்களால் வேகமாகச் சுழற்றுங்கள். முள் சற்றேனும் துடிக்கவேண்டும். ஒரு பக்கம் சுழற்றித் துடிக்காவிட்டால் மறுபக்கம் சுழற்றுங்கள். அப்போதும் அசையாவிட்டால் மட்டும் மீற்றரைத் திருத்துபவரிடம் கொண்டு செல்லுங்கள்.

உள்கம்பி சுழலாவிட்டால் கீழ் நட்டையும் கழற்றிக் கியர் பெட்டியின் பக்கத்தைப் பாருங்கள். அங்கே பற்சில்லு சுழன்றால் பழுது கேபிளில்தான்.

கேபிளைச் சீர்செய்தல்

உள்கம்பியை வெளியே இழுத்து மேசையில் உருட்டுங்கள். துள்ளித் துள்ளி உருண்டால் அது மடிந்த கம்பி, மாற்றவேண்டும். சதுரமான முனைகள் தேய்ந்து உருண்டையாகியிருந்தாலும் மாற்றவேண்டும். நல்ல கம்பியென்றால் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்துக் காயவிட்டு, மெல்லியதாகக் கிறீஸ் பூசுங்கள். மேல்முனையில் 8 அங்குலத்திற்குக் கிறீஸ் இருக்கக்கூடாது. கிறீஸ் கூடினால் மீற்றர் கெடும்.

கம்பியை மெதுவாகச் சுழற்றியபடி உள்ளே தள்ளினால் சதுர முனை தன் இடத்தில் அமரும். நட்டுகளைக் கையால் இறுக்கினால் போதும். கேபிள் எங்கும் சட்டென வளையாமலும் புகைக்குழாயைத் தொடாமலும் இருக்கட்டும்.

சரியா என்று பார்த்தல்

கிலோமீற்றர் கற்கள் உள்ள வீதியில் ஒருவர் ஓட்ட, மற்றவர் மணிக்கூட்டைப் பார்க்கட்டும். முள் 25 மைலில் நிற்க ஓட்டினால் ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 90 விநாடி செல்லவேண்டும். 16 கிலோமீற்றர் ஓடினால் மைல் இலக்கம் ஏறத்தாழ 10 கூடவேண்டும்.

பழைய கார் வாங்குவோருக்கு ஒரு சொல்: ஐந்து இலக்க மீற்றர் 99,999க்குப் பிறகு மீண்டும் 00000க்கு வந்துவிடும். கேபிள் அறுந்து கிடந்த காலத்து ஓட்டமும் அதில் ஏறியிராது. இலக்கத்தை நம்பி விலை பேசாமல் எஞ்சினையும் பிரேக்கையும் பார்த்துப் பேசுங்கள்.

கலந்துரையாடுங்கள்

1. மைல் ஏறியும் முள் அசையாவிட்டால் கேபிள் வாங்குவது ஏன் வீண்செலவு?
2. உங்கள் பகுதியிலுள்ள பழைய கார் ஒன்றின் மீற்றரை இருவர் சேர்ந்து சோதித்துப் பாருங்கள். எவ்வளவு பிழை காட்டுகிறது?