படத்தில் நில்லாத மாணவன்

இவ்விழா மலருக்கெனக் குழுப்படம் எடுக்கப்பட்டபோது ஒரு மாணவன் வரிசையை விட்டு விலகி நின்றான். வினவினோம். "முகத்தை வெள்ளையாக்கித் தருவதென்றால் நிற்கிறேன், சேர்" என்றான். கடிந்துகொள்ள எமக்கு மனம் வரவில்லை. கையடக்கத் தொலைபேசியில் நாள்தோறும் அவன் காண்பது, நிறம் வெளுத்துக் கன்னம் ஒடுங்கிய ஒரு முகத்தை. கண்ணாடியில் தெரிபவனோ வேறொருவன்.

முதற்கண் ஒளியியற் பாடமொன்று. கைநீட்டி எடுக்கும் படத்தில் வில்லைக்கு மூக்கு அண்மையிலும் காது சேய்மையிலும் இருத்தலின், மூக்குப் பெருத்துக் காணும். 12 அங்குலத் தூரத்துப் படத்தில், 5 அடித் தூரத்துப் படத்தினும் மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகன்று தோன்றுமென அமெரிக்க மருத்துவர் சிலர் 2018இல் கணக்கிட்டுக் காட்டினர். மூக்கைப் பழிப்போர் முதலில் தூரத்தைப் பழிப்பாராக!

நிறத்தின் கதை தொலைபேசிக்கு முந்தியது. இந்தியாவில் 1975இல் விற்பனைக்கு வந்த 'ஃபெயார் அன்ட் லவ்லி' களிம்பு, 2020இல் தன் பெயரிலிருந்த வெண்மையைக் கைவிட்டது. "வெயிலில் கறுத்துப் போனாயே" என்னும் வீட்டுப் பேச்சை நாம் கைவிட்டோமில்லை.

அதே தொலைபேசியில் நன்மை பயக்கும் செயலிகளும் உள. 'ஜி.ஜி.' என்னும் வரிசையில் ஒன்று உடல்தோற்றம் பற்றியது. திரையில் சிறு வாக்கியமொன்று தோன்றும். தன்னை இழிக்கும் எண்ணமாயின் விரலால் மேலே தள்ளிவிடல் வேண்டும். தாங்கும் எண்ணமாயின் தன்பால் இழுத்துக்கொள்ளல் வேண்டும். நாளொன்றுக்குச் சில நிமிடமே போதும். 1960களில் ஆரன் பெக் வகுத்த உளச்சிகிச்சை முறையின் வழிவந்தது இது. எண்ணம் வேறு, உண்மை வேறு என்று பிரித்தறிவதே இதன் உட்பொருள்.

யாம் இதனை வகுப்பில் தாளிற் செய்து பார்த்தோம். நிறத்தைப் பற்றி எழுதியவர் பலர். உயரத்தைப் பற்றி எழுதியவர் அவரினும் பலர். இங்கேதான் எமது பாடம் தடைப்பட்டது. 2016ஆம் ஆண்டின் நாடளாவிய கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் இலங்கை முழுவதிலும் 17 சதவீதம். தோட்டப்புறத்திலோ ஏறத்தாழ 32. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் லயத்திற் பிறந்த பிள்ளை "நான் குட்டை" என எழுதுவது மனமயக்கமன்று. தாய் வயிற்றிலேயே தொடங்கிய போசாக்குக் குறைவின் தழும்பு அது. அதனை விரலால் தள்ளிவிடச் சொல்ல எமக்கு நாவெழவில்லை. அதற்கு வேண்டுவது சோறும் பருப்பும் முட்டையும், அவற்றை வாங்கப் போதுமான நாட்சம்பளமும்.

விலகி நின்ற மாணவன் தன் தாளில் இரண்டே வாக்கியம் எழுதியிருந்தான். "நான் கறுப்பு, படத்துக்கு ஆகேன்" என்பதைத் தானே அடித்துவிட்டான். "கொழுந்தெடுக்கும் அம்மாவின் முகம் எனக்கு" என்பதை அடிக்கவில்லை.

மறுநாள் படம் மீண்டும் எடுக்கப்பட்டது, பன்னிரண்டடித் தூரத்திலிருந்து. இரண்டாம் வரிசையில் நிற்கின்றான்.