பந்தயத் தடத்திற்கு ஒரு பழைய கார்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

கார்ப் பந்தயம் என்றதும் நம் நினைவுக்கு வருவன வெளிநாடுகளும் கோடிக்கணக்கான பணமுமே. ஆயின் நம் தமிழ்நாட்டிலேயே அதற்கு நீண்ட வரலாறு உண்டு என்பதை நண்பர்கள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில், 1950களிலிருந்தே பந்தயங்கள் நடைபெற்றன. அங்கு ஓடியவற்றுள் பல, வீதியில் ஓடிய அதே பியட், அம்பாசடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள்தாம். 1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளமுள்ள நிரந்தரத் தடம் வந்தது. கோவையைச் சேர்ந்த கரிவரதன், சாதாரண மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். 2005இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியதும் அத்தகைய வண்டியே.

இதில் எனக்கு ஆர்வம் வந்தது என் அண்ணனால். அவர் பத்தாம் வகுப்போடு நின்று, நாகர்கோவிலில் ஒரு ஒர்க்ஷாப்பில் வெல்டிங் வேலை செய்கிறார். நான் கல்லூரிக்கு வருவது அவர் கூலியில்தான். பழைய கார் ஒன்றை வாங்கித் தம் கையாலேயே பந்தய வண்டியாக்கி, இருங்காட்டுக்கோட்டையில் ஒருமுறையேனும் ஓட்ட வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. இரண்டாண்டுகளுக்கு முன் சீட்டுப் பணம் நாற்பதாயிரத்தைக் கொடுத்து, கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு வண்டி வாங்கினார். எஞ்சின் வண்டுபோல் முரன்றது, அதிலேயே மயங்கிவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து தரைவிரிப்பைத் தூக்கியபோது, அடியில் தகடு இல்லை. பட்டி பூசி, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மீதமிருந்த தகட்டில் வெல்டிங் வைத்ததும் பப்படம்போல் பொரிந்து ஓட்டை விழுந்தது. எஞ்சினை மட்டும் கழற்றி விற்றுவிட்டு, மற்றதை ஆக்கர் கடையில் எடைக்குப் போட்டோம்.

அந்த நட்டத்திலிருந்து நாங்கள் கற்றது, எஞ்சினைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும் என்பதே. கெட்டுப்போன எஞ்சினுக்கு வேறொன்று கிடைக்கும். கூட்டுக்கு மாற்று இல்லை. தடத்தில் ஓடும் காருக்குள், கவிழ்ந்தாலும் ஓட்டுபவர் நசுங்காதபடி இரும்புக் குழாய்களால் ஒரு கூண்டு அமைக்கிறார்கள். அக்கூண்டின் கால்கள் ஊன்றுவது வண்டியின் தரைத்தகட்டில். தகடு துருப்பிடித்திருந்தால், வண்டி உருளும்போது குழாய் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே போய்விடும். கூண்டு இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். எனவே இது பணக் கணக்கு மட்டுமன்று, அண்ணனின் உயிர்க் கணக்கும் ஆகும்.

நம் மாவட்டத்தில் இதை இன்னும் கூர்ந்து நோக்க வேண்டும். முட்டம், குளச்சல் பகுதிகளில் கடற்காற்றோடு வரும் உப்பு தகட்டின் இடுக்குகளில் படிகிறது. ஈரத்தில் கரைந்த உப்பு மின்பகுபொருளாகி, இரும்பின் ஆக்சிஜனேற்றத்தை விரைவுபடுத்துகிறது. போதாக்குறைக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவ மழையும் நமக்கு உண்டு. ஆகவே கதவின் அடிவிளிம்பு, ஸ்டெப்னிச் சக்கரம் கிடக்கும் குழி, முன்பக்க ஷாக் அப்சர்பரின் தலை பொருந்தும் இடம் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். மெல்லிய துணியில் சுற்றிய ஒரு காந்தம் போதும். நல்ல தகட்டில் ஒட்டும்; தடித்த பட்டியின்மேல் வழுக்கும். (எங்கள் காந்தம் பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்தது, ஆய்வகத்தினுடையது அன்று என்பதைப் பேராசிரியர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.)

அடுத்து எடை. ஒரு பொருளின் இயக்க ஆற்றல் அதன் நிறைக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பது நாம் படித்ததே. 650 கிலோ வண்டி மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும்போது ஏறக்குறைய 2.5 லட்சம் ஜூல் ஆற்றல் கொண்டிருக்கும். 1,100 கிலோ வண்டிக்கு இது 4.2 லட்சத்தைத் தாண்டும். வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்கையில் இதன் பெரும்பகுதி பிரேக்கில்தான் வெப்பமாகிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது; அப்படி ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை தாழும். எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டால், பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. பெரிய எஞ்சின் உள்ள கனத்த காரைவிடச் சிறிய, இலேசான காரை நான் விரும்புவது இதனால்தான். அண்ணனுக்கு இதில் இன்னும் முழுச் சம்மதம் இல்லை. சென்ற கோடையில் மூன்று வண்டிகளைப் பார்த்தோம்.

முதலாவதைக் காந்தமே தள்ளிவிட்டது. இரண்டாவது பளபளவென்றிருந்தது. அப்பா கொத்தனார், அவரது தூக்குக்குண்டைக் கொண்டுபோயிருந்தேன். வண்டியைச் சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, அடியில் இருபுறமும் ஒத்த நான்கு இடங்களிலிருந்து குண்டைத் தொங்கவிட்டுச் சாக்குக் கட்டியால் புள்ளி வைத்தோம். குறுக்காக அளந்தால் இரு மூலைவிட்டங்களும் சமமாக இருக்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் வேறுபட்டது. எங்கேயோ பலமாக மோதி, இழுத்து நிமிர்த்திய வண்டி அது. "மக்கா, உன் படிப்பு இதுக்காவது ஆச்சே" என்றார் அண்ணன்.

மூன்றாவது, தக்கலைப் பக்கம் ஒரு வீட்டுத் தொழுவத்தருகே நின்ற மாருதி ஜென். தகடு உறுதியாக இருந்தது, மூலைவிட்டங்கள் ஒத்தன. எஞ்சின்தான் இருமியது. நான்கு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் அளந்தோம்; ஒன்றில் மட்டும் மிகக் குறைவு. அதில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தபோதும் உயரவில்லை. உயர்ந்திருந்தால் பிஸ்டன் வளையத் தேய்மானம் எனலாம். உயராததால் வால்வுப் பக்கம் கசிவு என்று கொண்டோம். அதைச் சொல்லியே விலையைக் குறைத்து வாங்கினார் அண்ணன். மிச்சப்பட்ட பணம் பிரேக்குக்கும் டயருக்கும்.

ஒன்று சொல்ல மறந்தேன். பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்டலாகாது. 2019இல் உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தியது. ஆகவே நம் வண்டி இருங்காட்டுக்கோட்டைக்குப் போவதாயின், ஏறக்குறைய 700 கிலோமீட்டரும் லாரியில் ஏறியே போக வேண்டும். ஓட்டுபவருக்கும், பந்தயத்தில் கலந்துகொள்ள, இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு வழங்கும் உரிமம் தேவை.

இப்போது வண்டி ஒர்க்ஷாப்பின் பின்புறம் நான்கு மரக்கட்டைகளின்மேல் நிற்கிறது. கழற்றும் ஒவ்வொன்றையும் எடைபோட்டு நோட்டில் எழுதிவருகிறேன். பின் இருக்கை வரை வந்திருக்கிறோம். கூண்டுக் குழாய் இன்னும் வாங்கவில்லை. அப்பா தூக்குக்குண்டைத் திருப்பிக் கேட்கிறார். திங்கட்கிழமை சுவர் வேலை இருக்கிறதாம்.