பள்ளியைத் திறப்பவரும் நடத்துபவரும்



உன் கடிதம் கிடைத்தது. தேசிய வருமானத்தில் ஆறு சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கவேண்டும் என்று அரை நூற்றாண்டுக்கு மேலாக எல்லா அரசாங்கங்களும் சொல்லிவருகின்றனவே, அந்த ஆறு எங்கிருந்து பிறந்தது, ஏன் இன்னும் கைகூடவில்லை என்று கேட்டிருந்தாய். பரீட்சைக்கு வேண்டிய விடை நாலு வரியில் அடங்கிவிடும். ஆனால் நீ கல்வி நிர்வாகத்துக்கே போகவேண்டும் என்ற சங்கற்பத்தோடு படிப்பவள் ஆதலால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சாசனத்தின் 45ஆம் பிரிவு, பத்து ஆண்டுகளுக்குள், பதினான்கு வயது நிரம்பும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயலவேண்டும் என்று பணித்தது. அதற்கு முன்னே, 1944இல் வந்த சார்ஜெண்ட் திட்டம் பொதுக் கல்வியை நாடெங்கும் பரப்ப நாற்பது ஆண்டுகள் கேட்டிருந்தது, 1948இல் பி. ஜி. கேர் தலைமையில் அமைந்த குழு அதைப் பதினாறாகக் குறைத்து, மத்திய அரசு தன் வருவாயில் 10 சதவீதத்தையும் மாகாண அரசுகள் 20 சதவீதத்தையும் கல்விக்குத் தரவேண்டும் என்று சொல்லிற்று. சாசனத்தை இயற்றிய பெரியோர் காலத்தைப் பத்தாகச் சுருக்கினார்கள். பொருள் எங்கிருந்து வரும் என்பதற்கு அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. அடிமைத்தளை நீங்கிய அந்த நாட்களின் ஆவேசத்தைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆயினும், நீதிமன்றத்தின் மூலம் வற்புறுத்த இயலாத வழிகாட்டு நெறிகளுள் ஒன்றாகவே அது இருந்தமையால், 1960இல் கெடு தவறியபோது அதற்கு யாரும் பதில் சொல்லவேண்டியிருக்கவில்லை.

நீ கேட்ட ஆறு சதவீதம் அதற்குப் பின் வந்தது. விஞ்ஞானியான டாக்டர் டி. எஸ். கோத்தாரியைத் தலைவராகவும், கிராமப் பள்ளிகளை அருகிருந்து அறிந்த ஜே. பி. நாயக்கை உறுப்பினர் செயலாளராகவும் கொண்டு 1964இல் நியமிக்கப்பட்ட கல்விக் குழு, 1966 ஜூன் 29ஆம் நாள் தன் அறிக்கையை ஒப்படைத்தது. அவர்களுக்கு ஆறு என்பது கோஷமாக உதித்ததன்று; இருபது ஆண்டு கழித்து எத்தனை குழந்தைகள் எந்தெந்த வகுப்பில் இருப்பார்கள், அவர்களுக்கு எத்தனை ஆசிரியர் வேண்டும், ஆசிரியர் கௌரவமாக வாழ என்ன சம்பளம் வேண்டும் என்று படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போனதில் கிடைத்த விடை அது. அந்தக் கணக்கின்படி, ஜனத்தொகையில் தலைக்கு 12 ரூபாயாக இருந்த கல்விச் செலவு, விலைவாசி மாறாது எனக் கொண்டால், 1985-86இல் 54 ரூபாயாகவேண்டும். தேசிய வருமானத்தில் 2.9 சதவீதமாக இருந்த பங்கு 6 சதவீதமாகவேண்டும். நாட்டின் வருமானம் ஆண்டுக்கு 6 சதவீதம் பெருகும் என்ற அநுமானத்தின் மேல் இவ்வளவும் நின்றது. அறிக்கை வந்த அதே ஜூன் மாதத்தில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. மழை பொய்த்துப் பஞ்சம் சூழ்ந்தது. நான்காம் ஐந்தாண்டுத் திட்டமே 1969 வரை தள்ளிப்போயிற்று. வளர்ச்சியும் அடுத்த பல ஆண்டுகள் மூன்றரைச் சதவீதத்தை ஒட்டியே நின்றது. 1968ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை அந்த இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. 1986உம் 2020உம் அதையே திரும்பச் சொல்லின. செலவு மட்டும் நாலு சதவீதத்தின் அருகிலேயே உலவுகிறது.

ஆனால், குழந்தாய், சதவீதத்தோடு நின்றுவிட்டால் நோயின் மூலம் தெரியாது. ஒரே ஒரு பள்ளியை எடுத்துக்கொள். மலையடிவாரத்தில் ஒரு குடியிருப்பு, நாற்பது குழந்தைகள், ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் தொடக்கப் பள்ளி இல்லை என்று வைத்துக்கொள். விதிப்படி அங்கே ஒரு பள்ளி வரவேண்டும், வருகிறது. கட்டடம் எழும்புகிறது, திறப்பு விழாக் கல்வெட்டும் பதிக்கப்படுகிறது, அந்தச் செலவு ஓரிரண்டு ஆண்டில் முடிந்துபோகிறது. பிறகு ஆசிரியர் இருவர் வருகின்றனர். இருபத்தைந்து வயதில் பணியில் சேரும் ஓர் ஆசிரியைக்கு அறுபது வயது வரை, முப்பத்தைந்து ஆண்டுகள், மாதந்தவறாமல் சம்பளம், ஆண்டுக்கொரு ஊதிய உயர்வு, விலை ஏற ஏற அகவிலைப்படி. இவற்றோடு சாக்பீஸ், நிலப்படம், பதிவேடுகள், மின்கட்டணம், ஒழுகும் ஓட்டை மாற்றும் கூலி. அரசின் வருவாய் குன்றுகிற வருஷத்தில் நிதித்துறை எதைக் குறைக்கும் என்று யோசித்துப் பார். சம்பளத்தில் கைவைக்க முடியாதாகையால், வெட்டு சில்லறைச் செலவினத்தின் மேல் விழுகிறது. தலைமையாசிரியர் சொந்தக் காசில் சாக்பீஸ் வாங்குகிறார். கழிப்பறைக் கதவு விழுந்தது விழுந்தபடி கிடக்கிறது. ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடம் நிரப்பப்படாமல் ஆண்டுக்கணக்கில் காலியாகவே இருக்கிறது. புள்ளிவிவரத்தில் அது குறையில்லாத பள்ளிதான். உள்ளே சென்று பார்த்தால், ஐந்து வகுப்புக் குழந்தைகளும் ஒரே அறையில் ஒரே ஆசிரியையின் முன் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த அவலத்துக்கு ஐந்தாண்டுத் திட்ட காலத்துக் கணக்கு முறையும் ஒரு பெருங்காரணம் என்பது என் அபிப்பிராயம். புதிய பள்ளியும் புதிய பதவியும் 'திட்டச் செலவு' என்ற பெயரில், மத்திய உதவியோடு தொடங்கும். திட்ட காலம் முடிந்த மறுநாளே அவை திட்டம் சாராச் செலவாக மாறி மாநிலத்தின் தலையில் ஏறிவிடும். மாட்டை ஒருவர் வாங்கிக் கட்டிவிட்டுப் போக, காலமெல்லாம் தீனி போடும் கடமை இன்னொருவருக்கு வாய்த்தது போன்ற ஏற்பாடு இது. இந்தப் பாகுபாடு 2017-18இல் ஒழிந்தது; புதியதைத் திறப்பதில் உள்ள ஆசை பழையதைப் பேணுவதில் இல்லாமை மட்டும் ஒழியவில்லை. அனைவருக்கும் கல்வி இயக்கத்திலும் இதே கதைதான்: மத்திய அரசின் பங்கு 85 சதவீதத்தில் தொடங்கிப் பத்தாம் திட்டத்தில் 75 ஆகி, பின்னர் பெரும்பாலான மாநிலங்களுக்கு 60 ஆகக் குறைந்தது. 2009ஆம் ஆண்டுச் சட்டம் கல்வியைக் குழந்தையின் உரிமையாக்கிய மகத்தான சட்டம். ஆயினும் அதன் 7ஆம் பிரிவு, நிதிப் பொறுப்பு மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் உண்டு என்று கூறிவிட்டு, விகிதத்தை அவ்வப்போது கலந்து தீர்மானிக்க விட்டுவிட்டது. 2004இல் விதித்த 2 சதவீதக் கல்வித் தீர்வையின் வருவாயும், மற்ற மத்திய வரிகளைப் போல மாநிலங்களோடு பகிரப்படவில்லை. ஆசிரியரில் மிகப் பெரும்பாலோர்க்குச் சம்பளம் தருபவை மாநிலங்களாக இருக்க, கல்வியின் பெயரால் திரட்டிய பணத்தில் அவற்றுக்கு உரிமைப் பங்கு இல்லாதது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

செலவைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். 1929ஆம் ஆண்டு ஹார்ட்டாக் குழு ஆராய்ந்தபோது, 1922-23இல் முதல் வகுப்பில் இருந்த நூறு குழந்தைகளுக்கு, மூன்று ஆண்டு கழித்து நான்காம் வகுப்பில் இருந்தவர் பதினெட்டுப் பேரே. ஆசிரியரின் சம்பளம் நூறு பேர் இருந்தாலும் பதினெட்டுப் பேர் இருந்தாலும் ஒன்றுதான். ஆகையால், இடையில் நின்றுபோகும் ஒவ்வொரு குழந்தையோடும் பொதுப் பணமும் வீணாகிறது. காமராசர் ஆட்சியில், பொதுக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் பேருழைப்போடு பரவிய மதிய உணவுத் திட்டத்தைத் தர்மம் என்று போற்றுவோர் உண்டு. அது தர்மமும்தான், அதே சமயம் குழந்தைகள் இடையில் நின்றுபோகாமல் காத்து, சம்பளமாகச் செலவாகும் பணத்துக்கு முழுப் பயன் தேடிய மிகச் சிறந்த நிதி நிர்வாகமும்கூட. அன்றைய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் நிலமும் பலகையும் மேசையும் நாற்காலியும் மனமுவந்து வழங்கினார்கள். அவர்கள் வழங்கியது ஒரு முறை தந்து தீரும் பொருள். ஆண்டாண்டுதோறும் வரும் சம்பளச் சுமையை ஊரார் தலையில் வைக்காமல் அரசாங்கமே சுமந்தது. இந்தப் பங்கீடு எவ்வளவு விவேகமானது என்பதை, ஊரார் நன்கொடையால் அரசின் செலவைக் குறைத்துவிடலாம் என்று எவரேனும் உன்னிடம் சொல்லும்போது நீ நினைவுகூர வேண்டும்.

எனவே, எந்தச் சீர்திருத்த அறிக்கையைக் கையில் எடுத்தாலும், இலக்குகளைப் படிக்குமுன், இதில் தொடங்கும் செலவு எது, தொடரும் செலவு எது, பத்தாம் ஆண்டில் அதைத் தருபவர் யார் என்று தேடு. அறிக்கைகளுக்கும் முன்னே, நம் மாநில வரவு செலவுத் திட்டத்தின் 43ஆம் எண் மானியக் கோரிக்கையை எடுத்து, 2202 என்ற பொதுக் கல்வித் தலைப்பின் கீழ்த் தொடக்கக் கல்விப் பக்கங்களை நிதானமாகப் பார். ஒவ்வொரு வரிக்கும் நேரே, முடிந்த ஆண்டின் கணக்கு, நடப்பு ஆண்டின் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என்று தொகைகள் இருக்கும். சம்பள வரியையும், பராமரிப்பு வரியையும், சில்லறைச் செலவின வரியையும் மட்டும் தனியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மதிப்பீட்டுக்கும் திருத்தத்துக்கும் இடையே எந்த வரி சுருங்கியிருக்கிறது என்று கண்டு எனக்கு எழுது.

மற்றவை உன் கடிதம் கண்டு.

இப்படிக்கு,
பெரியப்பா