ஊதச் சொல்லும் கருவி எப்படி வந்தது?

கேள்வி: குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களைப் பிடிக்க, ஊதச் சொல்லும் வழக்கம் எங்கே தொடங்கியது? கருவி காட்டும் எண் எதைக் குறிக்கிறது?

பதில்: மோட்டார் வண்டி தெருவுக்கு வந்த கையோடு குடிபோதை வழக்கும் வந்துவிட்டது. 1897 செப்டம்பரில் லண்டன் நியூ பாண்ட் தெருவில் மின்சார டாக்ஸியைக் கட்டடத்தில் மோதிய ஓட்டுநர், குடித்திருந்ததை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். ஒப்புக்கொள்ளாதவரிடம் குற்றத்தை நிரூபிப்பதுதான் பெரும்பாடு. வாயில் வாடை, நாக்குழறல், கால் தள்ளாட்டம் ஆகியவையே அன்றைய சாட்சியம். குடித்துப் பழகியவர் கோட்டின்மேல் நேராக நடந்து காட்டிவிடுவார். இரத்தத்தில் சர்க்கரை குறைந்து தடுமாறும் நோயாளியோ குடிகாரர் என்று பிடிபடுவார்.

இதற்கு முடிவுகட்டியது ஆய்வுக்கூடம். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் விட்மார்க், சில துளி இரத்தத்தைக் கொண்டே ஆல்கஹாலை அளக்கும் முறையை 1922இல் வெளியிட்டார். குடித்த அளவு, உடல் எடை, கடந்த நேரம் ஆகியவற்றைக் கொண்டு இரத்த அளவைக் கணக்கிடும் சூத்திரமும் அவருடையதே. 1936இல் நார்வே 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் என்று சட்டத்தில் வரம்பு வைத்தது.

ஆனால் நடுத்தெருவில் நிறுத்தி ஊசி குத்துவது நடக்கிற காரியமா? மூச்சு அந்தச் சிக்கலைத் தீர்த்தது. நுரையீரலின் காற்றறைகளில் இரத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவே இருப்பது மிக மெல்லிய சவ்வு. இரத்தத்திலுள்ள ஆல்கஹால் அதைக் கடந்து, ஏறத்தாழ மாறாத விகிதத்தில் காற்றில் கலக்கிறது. 2,100 மில்லிலிட்டர் ஆழ்மூச்சில் இருப்பதும் 1 மில்லிலிட்டர் இரத்தத்தில் இருப்பதும் சமம் என்பது பொதுக் கணக்கு. அமெரிக்க மருத்துவர் எமில் போகன் கால்பந்தின் உள்பையில் மூச்சைப் பிடித்துச் சோதித்து 1927இல் முடிவுகளை வெளியிட்டார். இண்டியானா பல்கலைக்கழகப் பேராசிரியர் ரோலா ஹார்கர் உருவாக்கிய ‘டிரங்கோமீட்டர்’ 1938இல் இண்டியானாபொலிஸ் போலீஸின் கைக்கு வந்தது. பலூனில் ஊதிய காற்றைப் பெர்மாங்கனேட் கரைசலில் செலுத்தினால் அதன் ஊதா நிறம் வெளுக்கும்.

1954இல் வந்த ‘பிரெத்தலைசர்’ இதை எளிதாக்கியது. அதைச் செய்தவர் இண்டியானா மாநிலப் போலீஸின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ராபர்ட் போர்கென்ஸ்டைன். கண்ணாடிக் குப்பியில் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல். மூச்சிலுள்ள ஆல்கஹால் பட்டதும் அதன் மஞ்சள் மங்கும். எவ்வளவு மங்கியது என்பதைக் கண்ணால் மதிப்பிடாமல், குப்பி வழியே ஒளியைப் பாய்ச்சி ஒளிமின்கலத்தால் அளந்தார். ஊதும் மூச்சின் கடைசிப் பகுதியை மட்டுமே கருவி எடுத்துக்கொண்டது. ஆழத்திலிருந்து வரும் அந்தக் காற்றுதான் இரத்தத்தின் நிலையைச் சொல்லும். ‘நிறுத்தாம ஊதுங்க’ என்று இன்றும் போலீஸார் வற்புறுத்துவது இதனால்தான். இப்போதைய கைக்கருவிகள் பலவற்றில் கரைசல் கிடையாது. எரிபொருள் மின்கலத்தில் ஆல்கஹால் ஆக்சிஜனேற்றம் அடையும்போது உண்டாகும் மின்னோட்டம் அளக்கப்படுகிறது.

எண்ணுக்கும் விபத்துக்கும் உள்ள உறவைக் காட்டியதும் போர்கென்ஸ்டைன் குழுதான். மிச்சிகனின் கிராண்ட் ரேபிட்ஸ் நகரில், விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களின் மூச்சையும், அதேபோன்ற இடத்திலும் நேரத்திலும் விபத்தின்றிச் சென்றவர்களின் மூச்சையும் ஒப்பிட்டார்கள். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராமைத் தாண்டியதும் ஆபத்து கிடுகிடுவென ஏறியது. 1964இல் வெளியான இந்த ஆய்வு பல நாட்டுச் சட்டங்களுக்கு அடிப்படையானது. பிரிட்டன் 1967இல் 80 என்றே வரம்பு வைத்தது. இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டத்தில் வரம்பு 30. இதுவே அறிவுள்ள வரம்பு. கவனத்தைப் பிரித்து வைக்கும் திறன் 50க்குக் கீழேயே குறையத் தொடங்குகிறது. கொடுமை என்னவென்றால், தன் நிலையை எடைபோடும் திறனையும் போதை கெடுக்கிறது. ‘நான் ஸ்டெடியா இருக்கேன்’ என்பவரின் சொல்லை அவரே நம்பக்கூடாது.

ஒரு குவார்ட்டரைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 42.8 சதவீதச் சரக்கு 180 மில்லியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால். 65 கிலோ எடையுள்ள ஆணின் இரத்தத்தில் அது ஏறக்குறைய 140 மில்லிகிராம் வரை ஏற்றலாம். அதே எடையுள்ள பெண்ணுக்கு, உடலில் நீரின் பங்கு குறைவென்பதால், இன்னும் கூடும். கல்லீரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் இறக்கும். ஆக, 30க்கு வரவே ஏழு மணி நேரம் போல ஆகும். இரவு 11 மணிக்குக் குடித்து முடித்தவர் காலை 6 மணிக்கு வண்டியை எடுத்தால், தூங்கி எழுந்த தெளிவோடேயே வரம்பை ஒட்டியோ தாண்டியோ இருப்பார். மோர், எலுமிச்சைச் சாறு, காபி, பச்சைத்தண்ணீர்க் குளியல் எதுவும் கல்லீரலை வேகப்படுத்தாது. பாக்கும் ஏலக்காயும் வாடையை மறைக்கும், ஆழ்மூச்சிலுள்ள ஆல்கஹாலை மறைக்காது.

2019 திருத்தத்துக்குப் பின் 185ஆம் பிரிவின்படி முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் இரண்டாண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அல்லது இரண்டும்.