பின்னால் வருபவனைப் பார்த்துப் போ

பெரகல

அன்பு மருமகனுக்கு,

நீயும் நான்கு கூட்டாளிகளும் கொழும்பிலிருந்து மட்டக்களப்பு வரை சைக்கிளில் போகப் புறப்படுகிறீர்கள் என்று உன் அம்மா போனில் சொன்னாள். சொல்லும்போதே குரல் தழுதழுத்தது. "நீங்கள்தான் அண்ணா, புத்தி சொல்லவேண்டும்" என்றாள். போகாதே என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பாள். அப்படி எழுத எனக்கு மனமில்லை. ஏ4 பாதை ஏறக்குறைய 430 கிலோமீட்டர். அதைக் காலால் மிதித்து அறிந்துகொள்ள இதைவிட நல்ல வயது உனக்கு வராது. ஆனால் அந்தப் பாதை என் வாசலைக் கடந்து போகிறது. இங்கே வந்து சேரும் நாளையும், இங்கிருந்து இறங்கும் காலையையும் பற்றி நான் சொல்வதைக் கேட்டுக்கொள்.

பலாங்கொடையிலிருந்து பெரகல ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். உங்கள் வவுனியாவில் அது காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் போய்வரும் தூரம். இங்கே ஒரு பகலை விழுங்கும். விடியுமுன் புறப்படுங்கள். பெலிஹுல்ஓயாவில் ஆற்றோரமாக இருந்து வயிறாரச் சாப்பிடுங்கள். களுபஹனையில் பம்பரகந்த நீர்வீழ்ச்சிக்கு வழி பிரியும். 263 மீட்டர், நாட்டிலேயே உயரமானது. ஆசையாக இருக்கும். அன்றைக்கு வேண்டாம், அதற்கென்று இன்னொரு நாள் வா. ஹல்துமுல்லையைத் தாண்டியபின் ஏற்றம் விடாது. மத்தியானம் திரும்பினால் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவந்து றோட்டை மூடிவிடும். அதற்கு முன்னால் பெரகல சந்தியைப் பிடித்துவிட வேண்டும்.

ஏற்றத்தில் வெட்கப்படாதே. மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளு. மடியில் கச்சானும் கித்துள் கருப்பட்டித் துண்டும் இருக்கட்டும். பசி தெரியுமுன் வாயில் போடு, தாகம் தெரியுமுன் தண்ணீர் குடி. இதையெல்லாம் உன் போனிலேயே நீ படித்திருப்பாய். நான் சொல்லவேண்டியது வேறு.

எனக்கு இருபது வயது இருக்கும்போது நாங்கள் நான்கு பேர் அப்புத்தளையிலிருந்து வெல்லவாயவுக்குச் சைக்கிளில் இறங்கினோம். நாலும் இரவல் சைக்கிள்கள். புறப்படும்போது ஒருவன் சொன்னான்: "பின் பிரேக் கட்டை தேய்ஞ்சிருக்கு, இரும்பு தெரியுது." குனிந்து பார்த்தேன். ரப்பர் ஒரு நகத்தளவுகூட இல்லை. "முன் பிரேக் இருக்குதானே, வா" என்றேன். அப்படிச் சொன்ன வாய் இது.

பெரகல தாண்டியதும் இறக்கம் எங்களை இழுத்தது. முந்துவதில் போட்டி வந்துவிட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொஸ்லாந்தையில் கடைவாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு பிளேன்டி குடித்தோம். இரண்டாவது கோப்பை குடிக்கும்போதுதான் நாலாவது ஆள், அந்தப் பிரேக் தேய்ந்த சைக்கிள்காரன், இல்லை என்பது உறைத்தது. விறகுக் கட்டோடு வந்த ஒரு பெரியவர், மேலே முடக்கில் ஒரு பையன் விழுந்து கிடக்கிறான் என்றார்.

இறங்கிய பாதையில் திரும்ப ஏறினோம். மதகுக் கட்டில் அவன் சாய்ந்திருந்தான். கொழுந்து மலையிலிருந்து இறங்கிவந்த ஓர் அம்மா தன் தலைத்துண்டை அவிழ்த்து அவன் வலக்கையைக் கழுத்தோடு கட்டி, போத்தலில் கொண்டுவந்த தன் தேத்தண்ணியைக் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார். "எத்தனை தரம் கூப்பிட்டேன்டா" என்று மட்டும்தான் அவன் சொன்னான். பனி அவன் குரலை விழுங்கியிருக்கிறது. மணிக்கட்டு எலும்பு பிசகாகப் பொருந்தியது. தேயிலை மலையில் கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பிழைக்கவேண்டியவன் அவன். அந்தக் கை அதற்குப்பிறகு கத்தியைச் சரியாகப் பிடிக்கவே இல்லை. அவன் என்னை மன்னித்துவிட்டான். நான் அந்த முடக்கை இன்றைக்கும் பஸ்ஸில் கடக்கும்போது தலையைக் குனிந்துகொள்வேன்.

ஆகவே பெரகலவிலிருந்து புறப்படும் காலையில் ஐந்து சைக்கிள்களின் பிரேக் கட்டைகளையும் நீயே தொட்டுப் பார். நான் விஞ்ஞானம் படிப்பித்தவன், கணக்குச் சொல்கிறேன். ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்ந்து தொண்ணூறு கிலோ என்று வை. நூறு மீட்டர் இறக்கத்தை பிரேக்கில் மட்டும் அடக்கினால் பிறக்கும் சூடு, ஒரு கோப்பைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். வெல்லவாய வரை அப்படி எத்தனை கோப்பை! அவ்வளவும் கட்டைக்கும் ரிம்முக்கும்தான் போகிறது. பிரேக்கை விடாமல் உரசிக்கொண்டே போனால் ரிம் காய்ந்து டியூப் வெடிக்கலாம். முடக்குக்கு முன்னாலேயே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறை. நேர்ப்பாதையில் கொஞ்சம் விட்டுவிடு, காற்று ரிம்மை ஆற்றும். றோட்டு நனைந்திருந்தால் பிரேக் பிடிக்க நேரமாகும். பஸ்காரர்கள் முடக்கில் அகலமாகத் திரும்புவார்கள். இடது ஓரத்தை விடாதே.

முந்தாமல் போங்கள். ஏற்றத்தில் மெதுவானவன் முன்னால் போகட்டும், அவன் வேகமே எல்லாருடைய வேகமாகட்டும். இறக்கத்தில் பிரேக்கும் நிதானமும் நன்றாக உள்ளவன் கடைசியில் வரட்டும். ஒவ்வொரு முடக்கு தாண்டியதும் நின்று ஐந்து தலையை எண்ணிவிட்டுப் புறப்படுங்கள். நேரம் போகும். போகட்டும்.

இது சைக்கிளுக்கு மட்டும் சொல்லும் புத்தி இல்லை, மருமகனே. நம்முடைய ஆட்கள் இந்த மலைக்கு நடந்து வந்தவர்கள். 1820களில் தொடங்கி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளைக்கும் அதற்கு மேலும் நடந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் நடக்கமாட்டாமல் போனவர்களை வழியில் விட்டுவிட்டுக் கூட்டம் முன்னால் போனது. அவர்களுக்குக் கல்லறை இல்லை, பேர்கூட இல்லை. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நம்மவர்கள் மறுபடி நடந்தார்களே, அது அந்தப் பேரில்லாதவர்களுக்காகவும்தான். பின்தங்கியவனை விட்டுவிட்டுப் போவது என்ன என்பதை நம்மைவிட அறிந்த சனம் உண்டா?

கொஸ்லாந்தையை நெருங்கும்போது ஓரிடத்தில் சைக்கிளைவிட்டு இறங்குங்கள். மேலே தெரிவது மீரியபெத்தை மலை. 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது வீடு இருந்த இடம் மண்ணாக இருந்தது. ஆபத்தான இடம் என்று முன்னமே எச்சரித்திருந்தார்கள். போவதற்கு வேறு வீடு இல்லாமல் அங்கேயே இருந்தவர்கள் அவர்கள். ஒரு நிமிடம் நில்லுங்கள். அதற்கப்புறம் தியலும நீர்வீழ்ச்சி றோட்டிலிருந்தே தெரியும், 220 மீட்டர். அங்கே சந்தோஷமாகச் சிரித்துப் படம் எடுங்கள்.

கொழுந்து கிள்ளும் அம்மாமாரைப் படம் பிடிக்க நிறுத்தாதே. கை நின்றால் நிறுவை குறையும், நிறுவை குறைந்தால் சம்பளம் குறையும். வணக்கம் சொல்லு. "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டால், "பாட்டன் பூட்டன் காலத்தில் நாங்களும் இந்த மலைதான்" என்று சொல்லு. என் கூட்டாளியின் கையைக் கட்டிய தலைத்துண்டு அப்படியொரு அம்மாவுடையது. அவர் பேரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

பெரகல வந்து சேரும் அன்று இரவு எங்கள் வீட்டில் தங்கவேண்டும். அத்தை ரொட்டியும் கட்டச்சம்பலும் செய்துவைப்பாள். நான் சந்தியில் டோர்ச் லைட்டோடு நிற்பேன். முன்னால் வருபவன் வந்துவிட்டான் என்று கேத்தலை அடுப்பில் ஏற்றமாட்டோம். ஐந்தாவது ஆளும் வாசலில் சைக்கிளைச் சாத்தியபிறகுதான் தேத்தண்ணி.

அன்புடன்,
மாமா