ஐந்தடித் தொட்டிக்கு ஃபில்டர் கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

சிவகாசியில் அச்சகம் நடத்தும் அண்ணாச்சி வீட்டு ஹாலுக்கு ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் தொட்டி, அதில் ஆஸ்கார் மீன்கள், எந்த ஃபில்டர் போடலாம் என்று கேட்டிருந்தாய். உன் முதல் பெரிய வேலை இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தத் தொட்டி 20 கன அடி, சுமார் 565 லிட்டர். மேலே விடும் இடைவெளியும் கல்லும் மணலும் போக 500 லிட்டர் என்று வைத்துக்கொள். ஆஸ்கார் நிறையத் தின்னும், நிறையக் கழியும். மணிக்கு நாலைந்து தடவையாவது தண்ணீர் ஃபில்டருக்குள் போய்வர வேண்டும். அதாவது 2,000 முதல் 2,500 லிட்டர். மோட்டார் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதே. தண்ணீரை உயரத்துக்கு ஏற்றாமல் அளந்த எண் அது. நாலடி ஏற்றி, பஞ்சில் அழுக்கும் சேர்ந்துவிட்டால் பாதி வருவதே பெரிது.

கேனிஸ்டர் போடலாமா என்று கேட்கிறாய். சத்தம் இல்லை, பார்வைக்கும் அழகு. ஆனாலும் இந்த ஊரில் பெரிய தொட்டிக்கு அதை மட்டும் நம்பக் கூடாது என்பேன். ஃபில்டர் என்பது அழுக்கைப் பிடிக்கும் பஞ்சு மட்டும் இல்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் இடம் அது. அவற்றுக்கு ஆக்சிஜன் ஓயாமல் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்ட்டை நிறுத்தினால் திரும்பி வரப் பிற்பகல் ஆகிவிடும். மூடிய கேனிஸ்டருக்குள் ஓடாமல் நிற்கும் தண்ணீரில் சில மணி நேரத்திலேயே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீர் நேரே மீன்களிடம் போகும்.

நம் தண்ணீரையும் சேர்த்து யோசி. இங்கே பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்பும் காரமும் கூடியது. 30 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் மீனைக் கொல்லும் வடிவத்தில் இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பிஎச் 8 ஆனால் அதுவே ஏழு பங்கைத் தாண்டிவிடும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் தங்கும் ஆக்சிஜனும் குறையும். குளிர்ந்த ஊர்க்காரர்கள் எழுதிய அளவுகளை வைத்துக்கொண்டு இங்கே ஃபில்டரைச் சிறிதாக்காதே.

அதனால் தொட்டிக்குக் கீழே சம்ப் என்கிற தனி ஃபில்டர் தொட்டி, அதில் தண்ணீர் சொட்டி இறங்கும் ஓர் அடுக்கு. மேலே பஞ்சு, அதன் கீழே துளையிட்ட தட்டுகளில் செராமிக் ரிங்கோ பிளாஸ்டிக் ஸ்க்ரப்பரோ போதும். காற்றுப் படும்படி நனைந்திருக்கும் பாக்டீரியா, மோட்டார் நின்றாலும் ஈரம் காயும் வரை தாக்குப்பிடிக்கும். இங்குள்ள காற்று வறண்டது. 1920-களில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்று வந்த தீப்பெட்டித் தொழில் இங்கே வேர்விட்டதற்கு அந்த வறட்சியும் ஒரு காரணம். அதே வறண்ட காற்றில் சொட்டும் தண்ணீர் சற்றுக் குளிரவும் செய்யும். தொட்டிக்குள் பேட்டரி ஏர் பம்ப்போடு ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டரும் இருக்கட்டும். அந்தப் பம்ப்பைச் சன்னலோரம் வைக்காதே. அறைக் காற்றைத்தான் அது தண்ணீருக்குள் தள்ளும், தீபாவளி இரவில் அந்தக் காற்றில் என்ன இருக்கும் என்று உனக்கே தெரியும்.

சம்ப்பில் ஒன்றை மறக்காதே. கரண்ட் போனதும், தண்ணீரை மேலே கொண்டுபோகும் குழாய் வழியாகவே தண்ணீர் கீழே இறங்கும். குழாயின் வாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவும் காலியாகும். உன் தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினாலே 23 லிட்டருக்கு மேல். ஹால் முழுக்கத் தண்ணீர் நிற்கும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் ஒரு சிறு துளை போடு. மட்டம் அங்கே இறங்கியதும் காற்றுப் புகுந்து இறக்கம் நின்றுவிடும். துளை பாசியில் அடைபடும், வாரம் ஒருமுறை குத்திவிடச் சொல். சம்ப்பிலும் அந்தத் தண்ணீர் கொள்ளும் அளவுக்கு இடம் காலியாக இருக்க வேண்டும்.

எவ்வளவு நல்ல ஃபில்டரானாலும் நைட்ரேட்டோடு நின்றுவிடும். அண்ணாச்சிக்கு வெடியுப்பைச் சொல்லி விளக்கு. பழைய காலத்தில் சாணமும் மூத்திரமும் ஊறிய மண்ணிலிருந்து வெடியுப்பு எடுத்தார்கள். அங்கே அம்மோனியாவை நைட்ரேட்டாக்கியதும் இந்த வகைப் பாக்டீரியாக்கள்தான். தொட்டியில் சேரும் நைட்ரேட்டை வெளியேற்ற வாரம் கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். ஆவியாகிக் குறைவதை மட்டும் போர்த் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் உப்பு ஏறிக்கொண்டே போகும். அதற்கு வீட்டு ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றச் சொல். குழாய்த் தண்ணீரானால் குளோரினுக்கு ஹைப்போ போடாமல் தொட்டியில் விடாதே, பாக்டீரியாவே போய்விடும். பஞ்சைக்கூடத் தொட்டியில் எடுத்த தண்ணீரில்தான் அலச வேண்டும்.

நல்ல நாள் பார்த்து அன்றே மீனை விட வேண்டும் என்பார் அண்ணாச்சி. பணிந்து மறுத்துவிடு. ஃபில்டர் பழக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நன்றாக ஓடும் தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பான்ஜைக் கொண்டுவந்து போட்டால் சீக்கிரம் பழகும், ஆனாலும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டும் வரை பொறு.

நாளைக்குப் போகும்போது சோதனைத் திரவத்தை எடுத்துப்போ. போர்த் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் தனித்தனியாக அளந்து பார். இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம் தாங்கும், தரை அரை டன்னுக்கு மேல் எடை தாங்குமா, அந்த லைனில் மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று கேட்டு எனக்கு எழுது. கண்ணாடியில் ஓவர்ஃப்ளோத் துளையை அதுவரை போடாதே.

அன்புடன்,
உன் அண்ணன்