கோம்பை நாய்

நாய்க்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கல் என்பன அவற்றுட் சில. அதன் இளமைப் பெயர் குருளை என்பதனைத் தொல்காப்பிய மரபியலிற் காண்கின்றோம். இத்துணைப் பெயரிட்டு அழைத்த நம் முன்னோரே, நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அதன் புத்தி மாறாதென்னும் கருத்துடைய பழமொழியையும் ஆக்கினர். தம்மைத் தாழ்த்திக் கூற விழைந்த அடியவரும் 'நாயேன்' என்றே கூறினர். எனினும், நம் நூல்கள் அதனை இகழ்ந்ததோடு அமைந்தில. யானையொத்தார் நட்பை நீக்கி நாயொத்தார் நட்பைக் கொள்க என்பது நாலடியார் தரும் அறிவுரை. பலநாட் பழகிய பாகனையும் யானை கொல்லும். நாயோ எறிந்த வேல் மெய்யில் நிற்கும்பொழுதும் எறிந்தவனைக் கண்டு வால் குழைக்கும் என்பது அதற்குக் காட்டப்படும் காரணம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலோ, தலைவனுடைய வேட்டை நாய்கள் சூழ்ந்துகொள்ளத் தினைப்புனம் காக்கும் மகளிர் நடுங்கிப் பெயர்கின்றனர். தன்னவர்க்குக் குழைதலும் பிறர்க்குச் சீறுதலும் ஆகிய இவ்விரு குணங்களும் ஒரே விலங்கினிடத்து உள்ளன என்பதனை நம் புலவர் நன்கறிந்திருந்தனர்.

நூல்கள் மட்டுமோ? கல்லும் சான்று பகரும். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உளது. அது முதலாம் மகேந்திரவர்மனுடைய 34ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி. பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கருந்தேவகத்தி என்னும் வீரனுக்கு எடுக்கப்பெற்றது. அவ்வீரனுருவின் அருகே ஒரு நாயின் உருவமும் பொறிக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு அறிவிக்கின்றது. மன்னர் பலருடைய பெயரே மறைந்தொழிந்த இந்நாட்டில், ஒரு நாயின் பெயர் 1400 ஆண்டுகள் நிலைத்து நிற்கின்றது.

அக்கோவிவனுக்குக் குணத்தால் உறவென்று கூறத்தக்க ஒரு நாட்டு நாயைப் பற்றியே இக்கட்டுரை எழுந்தது. அது கோம்பை நாய்.

1. ஊரும் உருவமும்

பசுமலையினின்று மேற்றிசை நோக்கிச் செல்வோர் நாகமலையை ஒட்டிச் சென்று, உசிலம்பட்டியையும் ஆண்டிபட்டிக் கணவாயையும் கடந்து, தேனி வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கை அடைவர். அப்பள்ளத்தாக்கில், உத்தமபாளையம் வட்டத்தில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தே அமைந்த பழைய ஊர் கோம்பை. மலைகளுக்கு இடைப்பட்ட தாழ்நிலத்தைக் கோம்பை என்பது நாட்டு வழக்கு. 1996ஆம் ஆண்டு வரை இது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது; இன்று தேனி மாவட்டத்தது.

பாண்டி நாடு நாயினங்களுக்குப் பேர்போனது. சிப்பிப்பாறை நாயும் கன்னி நாயும் மெலிந்த உடலும் நீண்ட காலும் உடையன. மரமடர்த்தி இல்லாத கரிசற் காட்டில் முயலைக் கண்ணாற் கண்டு துரத்திப் பிடிப்பதற்கு அவ்வுடல் ஏற்றது. இராசபாளையம் நாய் உயர்ந்த உருவும் வெண்ணிறமும் வாய்ந்தது; தோட்டமும் மனையும் காப்பது. கோம்பை நாயோ நடுத்தர உயரமும், அகன்ற மார்பும், வலிய தாடையும் கொண்டது. செம்மையும் பழுப்பும் கலந்த குறுமயிர், கரிய முகவாய். புதரும் பாறையும் செறிந்த மலைச்சாரலிற் காட்டுப் பன்றியை மறித்து நிற்பதற்கு நெடுங்கால் வேண்டா. ஊன்றி நிற்கும் உடலும் பிடித்ததை விடாத வாயுமே வேண்டும்.

இதனை ஆழ்ந்து நோக்கின் நம் இலக்கணத்திற் பயின்ற உண்மையொன்று புலனாகும். நிலத்திற்கேற்ப விலங்கும் தொழிலும் அமையும் என்பது திணைக் கொள்கை. அக்கொள்கையின்படி கோம்பை நாய் தன் நிலத்தின் கருப்பொருள் ஆகும். காடும் மேய்ச்சலும் வேட்டையும் கூடி அதனை ஆக்கின.

2. குணம்

மேனாட்டில் டெரியர் எனப்படும் நாய்கள் உள. வளையிற் புகுந்து நரி முதலியவற்றை எதிர்க்கும் சிறு நாய்கள் அவற்றுட் பல. கோம்பை நாய் அவ்வினத்தது அன்று, அவற்றினும் பெரியது. ஆயினும், தன்னினும் வலிய பகைக்கு அஞ்சாமையும், தொடங்கியதை இடையில் விடாமையும் ஆகிய டெரியர்க் குணங்கள் இதனிடத்தும் விளங்குகின்றன.

இதன் குணங்களை மூன்றாக வகுத்துக் கூறலாம். முதலாவது, ஒருவனைத் தலைவனாகக் கொண்டு ஒழுகுதல். வீட்டார் அனைவரிடத்தும் அன்புடையதாயினும், ஒருவர் சொல்லுக்கே முழுதும் அடங்கும். இரண்டாவது, எல்லை காத்தல். வேலியும் கிடையும் களமும் தன்னுடையன என்று அது கருதும். அயலார் அவ்வெல்லையை மிதிப்பதைப் பொறாது. மூன்றாவது, தானே சூழ்ந்து முடிவு செய்தல். காட்டில் ஒவ்வொரு நொடியும் ஏவல் கேட்டு நிற்க இயலாதாகலின், ஏவலின்றியும் வினை செய்யும் நாயையே வேட்டுவர் தேர்ந்து வளர்த்தனர்.

இவை மூன்றும் மலையடிவாரத்தில் அருங்குணங்கள். ஆனால் நகரத்திலோ? அஞ்சற்காரரும் பால்காரரும் அண்டை வீட்டுச் சிறுவரும் நாடோறும் வந்துபோகும் வாயிலில் எல்லை காத்தல் குற்றமாகின்றது. தானே முடிவு செய்தல் அடங்காமை எனப்படுகின்றது. குருளைப் பருவத்திலேயே பல மனிதரோடு பழக்காது, ஓடுதற்கு இடமும் தராது, பகல் முழுதும் சங்கிலியிற் பிணித்து வைப்பின், இந்நாய் வெகுளி மிக்கதாகின்றது. பின்னர், 'இது பொல்லாத நாய்' என்னும் பழி எழுகின்றது. குணம் மாறவில்லை, நண்பர்காள், திணை மாறிற்று.

3. தேய்வின் காரணங்கள்

இந்நாய் அருகியமைக்குக் காரணம் ஒன்றன்று. பாளையக்காரரும் ஜமீன்தாரும் இதனைப் பேணி வளர்த்தனர். அவர் படைகளில் இவை பகைவரை எதிர்த்தன என்னும் செவிவழிச் செய்திகளும் உள. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் ஜமீன் முறை ஒழிந்தது. குடிகளுக்கு அது விடுதலை. ஆனால் நாய்களைத் தூய மரபோடு வளர்த்தற்குப் பொருளும் இடமும் உடையாரும் அதனோடு குறைந்தனர்.

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. அழிந்துவரும் விலங்குகளைக் காக்க அது வேண்டிய சட்டமே. ஆயினும், வேட்டைக்கென்றே உருவாகிய நாய் அன்றே தன் தொழிலை இழந்தது. அதற்கும் முன்னரே, 1895ஆம் ஆண்டில் முடிவுற்ற பெரியாற்று அணையின் நீர் கம்பம் பள்ளத்தாக்கை வளஞ்செய்தது. மேய்ச்சல் நிலங்கள் பல வயலும் தோப்பும் ஆயின. இவை யாவும் மக்களுக்கு நன்மையே. ஒரு நன்மை வரும்பொழுது அதனோடு எது கழிகின்றது என்பதனை எண்ணிப் பார்ப்பாரே இலர்.

இவற்றோடு மேனாட்டு நாய்மீது எழுந்த மோகமும் சேர்ந்தது. அல்சேஷனும் பொமரேனியனும் லாப்ரடாரும் பெருமையின் அடையாளங்கள் ஆயின. நாட்டு நாய் வறியவர் நாய் எனப்பட்டது. காப்பாரின்றித் திரிந்த கோம்பை நாய்கள் தெரு நாய்களோடு கலந்தன. நாட்டு நாயினங்களைப் பெருக்குதற்கு அரசு சென்னைச் சைதாப்பேட்டையில் ஒரு நிலையம் நடத்தி வந்தது. அங்கு நாய்கள் வைக்கப்பட்டிருந்த நிலை குறித்து வழக்கு எழ, 2016ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் அதனை மூடுமாறு பணித்தது. இனத்தைக் காப்பதாகக் கூறி, உயிரைப் பேணாது விடுதல் காப்பு ஆகாது.

4. புகழால் வரும் கேடு

அண்மையில் நாட்டு நாய்களுக்குப் புகழ் மீண்டும் வந்துள்ளது. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் அஞ்சல் தலைகளுள் இராசபாளையமும் ஒன்று. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இந்தியப் பிரதமர் தம் வானொலி உரையில் நாட்டு நாய்களை வளர்க்குமாறு கூறியபொழுது கோம்பையின் பெயரையும் எடுத்தோதினார். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் முதன்முதற் பதிவு செய்த 3 நாயினங்களுள் இராசபாளையமும் சிப்பிப்பாறையும் இடம் பெற்றன. கோம்பை இடம் பெறவில்லை.

புகழ் வந்ததும் விலை வந்தது. விலை வந்ததும் பொய் வந்தது. செந்நிறமும் கருமுகமும் உடைய குட்டி எதுவாயினும் கோம்பை என்று விற்கப்படும் நிலை நேர்ந்துள்ளது. நிறத்தை மட்டும் நோக்கி இனத்தைத் தெரிதல் எத்துணைத் தீங்கு என்பதற்கு இராசபாளையம் நாயே சான்று. வெண்மையே அழகெனக் கொண்டு வெண்ணாயோடு வெண்ணாயையே சேர்த்து வந்தமையால், அவ்வினத்திற் செவிடாகிய குட்டிகள் பிறத்தல் உண்டு. மயிர்க்கு நிறந்தரும் நுண்ணணுக்கள் உட்செவியின் தொழிலுக்கும் இன்றியமையாதன. அவை இல்லாதவழிச் செவிப்புலன் கெடும். கள்வன் அடியோசை கேளாத காவல் நாயாற் பயன் யாது? அவ்வாறே, அஞ்சாமையும் எல்லை காத்தலும் இல்லாத கோம்பை நாய், பெயரளவிலேயே கோம்பை நாயாகும்.

5. செய்யத்தக்கன

முதற்கண், இணை சேர்க்குமுன் தாய் தந்தையரின் நிறத்தோடு குணத்தையும் உடல்நலத்தையும் ஆராய்தல் வேண்டும். நெருங்கிய உறவில் இணை சேர்த்தலை ஒழித்து, மரபுவழியை ஏட்டில் எழுதிவைத்தல் வேண்டும். இரண்டாவதாக, மாடி வீட்டில் அடைத்து வைப்பார்க்கு இந்நாயைக் கொடாதிருத்தல் வேண்டும். வளர்க்க இயலாது தெருவில் விடப்படும் நாய் தானும் துன்புற்றுப் பிறரையும் துன்புறுத்தும். மூன்றாவதாக, இதற்குத் தொழில் தருதல் வேண்டும். வேட்டை இனி இல்லை. ஆயின் ஆட்டுக் கிடையும் தென்னந்தோப்பும் இன்றும் உள. இரவில் குரைத்து எச்சரிக்கும் காவலன் ஆங்கு இன்றும் வேண்டப்படுகின்றான்.

தமிழ் பயிலும் மாணவராகிய நமக்கும் ஒரு கடன் உண்டு. நாயின் நிறம், சுழி, காது, வால், நடை முதலியவற்றைக் குறிக்க மேய்ப்பரும் முதியோரும் வழங்கும் சொற்கள் பல. அவை அகராதி ஏறுமுன்னரே மறைதல் கூடும். நாய் மறையின் அதனைப் பற்றிய பேச்சும் மறையும். விடுமுறையில் தத்தம் ஊர்க்குச் செல்லும் மாணவர், முதியோரை அடுத்து அச்சொற்களைக் கேட்டுக் குறித்து வருவாராயின், அது மொழிக்கும் தொண்டாம், அவ்வுயிர்க்கும் தொண்டாம்.

கோவிவனுக்கு அன்று கல் எடுத்தவர், அவன் நிறத்தை அதில் எழுதிற்றிலர். அவன் செய்த செயலையே எழுதினர். நாமும் அந்நெறியே நின்று, நிறத்தைப் போற்றுதலை விடுத்துக் குணத்தைப் போற்றுவோமாயின், கோம்பை நாய் கல்லில் மட்டுமன்றிக் களத்திலும் நிலைபெறும்.